யாத்திரிகரின் ஒரு நாளும் நெசவாளரின் நான்கு மணியும்

(அங்கத்தினர் படிப்பு வட்டங்களுக்கான பாடம்)

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் மிகப் பலர் அன்றைக்கே திரும்பிவிடுகின்றனர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர்; காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த ஒரு நாளுக்குள் அவர்கள் கோயில்களைத் தரிசிக்க வேண்டும், உணவருந்த வேண்டும், காஞ்சிக்குச் சென்று வந்ததன் அடையாளமாகக் கையில் ஒரு பட்டும் கொண்டுசெல்ல வேண்டும். இம்மூன்று காரியங்களும் ஒரு பகலுக்குள் எவ்வாறு அடங்குகின்றன, அவற்றுள் நமது கூட்டுறவுச் சங்கங்களுக்குரிய இடம் யாது என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

"விற்பனையைக் கவனிக்கச் செயலாளர் இருக்கிறார், விற்பனையாளர் இருக்கிறார். தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன வேலை?" என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். விடை எளிது. சங்கம் நமக்குப் பாவும் ஊடையும் சரிகையும் தருகிறது. நெய்த புடவையைப் பெற்றுக்கொண்டு கூலி தருகிறது. அந்தப் புடவை விற்றால்தான் போட்ட முதல் திரும்புகிறது. சங்கத்தின் அலமாரியில் புடவை உறங்கினால், அதற்குள் சங்கத்தின் முதலும் உறங்குகிறது. அடுத்த பாவு வருவதற்குத் தாமதமாகிறது. தறி சும்மா நிற்கிறது. ஆகவே, விற்பனை நிலையத்தின் கதவு எப்பொழுது திறந்திருக்கிறது என்பது நெசவாளியின் அடுப்பு எப்பொழுது எரிகிறது என்பதோடு தொடர்புடைய விஷயமாகும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மல்பெரி பயிரிட்டுக் கூடு விளைவிக்கும் விவசாயிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். புடவை நின்றால் நூல் நிற்கும். நூல் நின்றால் கூட்டின் விலை சரியும்.

நாளின் அமைப்பு

காஞ்சிபுரத்து நாள் மற்ற ஊர்களின் நாளைப் போன்றதன்று. அது இரண்டு துண்டுகளாக உள்ளது. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 மணி அல்லது 12½ மணிக்கு நடை சாத்தப்படுகிறது. மறுபடி திறக்க மாலை 4 மணியாகிறது. திருவிழா நாள்களில் மாறுதல் இருக்கலாம். பொதுவான நிலை இதுவே.

இதனை அறியாமல் காலை 10 மணிக்குச் சென்னையிலிருந்து புறப்பட்டு வருகிறவர், ஒரு கோயிலைப் பார்ப்பதற்குள் அடுத்த கோயிலின் கதவு மூடப்படுவதைக் காண்கிறார். அறிந்தவரோ விடியலில் கிளம்பி, 8½ மணிக்குள் ஊரின் மேற்கு ஓரத்திலுள்ள கைலாசநாதர் கோயிலை அடைந்துவிடுகிறார். பல்லவ மன்னன் இராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த அக்கற்றளியை இளவெயிலில் காண்பதே சிறப்பு. அங்கிருந்து ஏகாம்பரநாதர் கோயில். 1509-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராஜகோபுரம் அங்கே நிற்கிறது. அதன் பின்னர் ஊர் நடுவிலுள்ள காமாட்சியம்மன் கோயிலும், அதற்கு அண்மையிலுள்ள உலகளந்த பெருமாள் கோயிலும். இவ்வளவில் நண்பகல் வந்துவிடும்.

மாலையில் அவர் காண வேண்டியது சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில். அது ஊரின் தென்கிழக்கில் உள்ளது. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து அங்கே செல்லும் வழியில்தான் காந்தி சாலை இருக்கிறது. பட்டுக் கடைகளும் சங்க விற்பனை நிலையங்களும் அடர்ந்த சாலை அதுவே. இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோயில் நடை சாத்தியிருக்கும் நான்கு மணி நேரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் யாத்திரிகரை, ஊரின் அமைப்பே நமது வாசல் வழியாக அழைத்துச் செல்கிறது. அப்பொழுது அவருக்குச் செய்வதற்கு வேறு காரியமும் இல்லை. வெயில் கடுமையாக இருக்கிறது. நிழலும் மின்விசிறியும் குடிநீரும் உள்ள இடம் வேண்டும். இத்தகைய வாய்ப்பை எந்த வியாபாரியும் விலை கொடுத்தாவது வாங்கிக்கொள்வான். நமக்கோ அது தானே வாய்த்திருக்கிறது.

வேறொரு வகையினரும் உண்டு. மாமல்லபுரத்தையும் காஞ்சியையும் ஒரே நாளில் காண விரும்புவோர் அவர்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தூரம் உள்ளமையால், நடை சாத்தியவுடன் காஞ்சியை விட்டுப் புறப்பட்டுவிடுவர். அவர்களுக்குக் கடைக்கென ஒதுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் இராது. அவசரத்தில் எடுத்த புடவை பிறகு மனத்தாங்கலுக்கு இடமாகும். இத்தகையோரிடம் ஒரு சிறு பொருளைக் கொடுத்து, நல்ல முறையில் வழியனுப்பி, முகூர்த்தப் புடவைக்கென்று மறுமுறை வரச் சொல்லுவதே அறிவுடைமை.

பொழுதை ஆளுபவர் யார்?

ஒரு சங்கத்துக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பகல் 1¼ மணி இருக்கும். கூலி வாங்க வந்திருந்த முதியவர் ஒருவர், நெய்து முடித்த புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். மைசூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. தாய், தந்தை, திருமணம் நிச்சயமான மகள். கதவு பாதி சாத்தப்பட்டிருந்தது. "சாப்பாட்டு வேளை, இரண்டரைக்கு வாருங்கள்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவர்கள் தயங்கி நிற்கையில், எதிரே நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் நெருங்கி வந்து, "நெசவாளர் வீட்டிலேயே நேரடியாக வாங்கலாம், வாருங்கள்" என்றார். ஒரு நிமிஷத்தில் வாசல் காலியாயிற்று.

முதியவர் நம்மைப் பார்த்துச் சொன்னார்: "நடை சாத்தினா சாமிக்கு ஓய்வு, சார். அதே நேரத்திலே நாமும் சாத்திக்கிட்டா, நம்மைத் தேடி அப்புறம் யாரு வரப்போறாங்க?"

அவர் குறையாகக் கூறவில்லை, கேள்வியாகவே கேட்டார். நம்மால் அதனை மறக்க இயலவில்லை. அன்று பிற்பகல் கணினி ரசீதுகளை எடுத்துப் பார்த்தோம். அவற்றில் நேரமும் பதிவாகியிருந்தது. ஒரு மாதம் முழுவதிலும் 1 மணிக்கும் 2½ மணிக்கும் இடையே போடப்பட்ட ரசீது ஏறக்குறைய இல்லை. நிர்வாகக் குழுவின் பார்வைக்கு அதனை வைத்தோம். ஊழியர்கள் இரு பிரிவாக உணவருந்தச் செல்வதென்று குழு முடிவு செய்தது. செலவு ஒரு காசும் இல்லை. அடுத்த தணிக்கையில் அந்த இடைவேளையிலும் ரசீதுகள் இருந்தன. தொகை பெரிதல்ல, ஆனால் வெற்றிடம் நிரம்பத் தொடங்கியிருந்தது.

நிற்க. ஆட்டோக்காரர் அழைத்துச் சென்றாரே, அதன் பொருளாதாரத்தை இப்பொழுது பார்ப்போம். கணக்குக்காக ஒரு புடவையின் விலை 20,000 ரூபாய் என்றும், ஆளை அழைத்து வந்தவருக்குக் கடைக்காரர் நூற்றுக்குப் பத்து கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் கைமாறுகிறது. இது எங்கிருந்து வருகிறது? மூன்றே வழிகள்தான் உண்டு. விலையை உயர்த்தலாம், அப்பொழுது வாங்குகிறவர் ஏமாறுகிறார். சரிகையிலோ நூலிலோ தரத்தைக் குறைக்கலாம். அப்பொழுது காஞ்சிபுரத்தின் பெயர் கெடுகிறது. நெசவுக் கூலியைக் குறைக்கலாம். அப்பொழுது தறியில் இருப்பவர் வயிறு காய்கிறது. தரகுத் தொகை வானத்திலிருந்து விழுவதில்லை. இம்மூவரில் ஒருவரிடமிருந்தே எடுக்கப்படுகிறது.

இதற்காக ஆட்டோ ஓட்டுபவரைப் பகைத்துப் பயனில்லை. அவரும் உழைத்துப் பிழைப்பவரே. யாத்திரிகருக்கு வழிகாட்ட ஊரில் வேறு எவரும் முன்வராதபொழுது அவர் அவ்விடத்தை நிரப்பினார். யாத்திரிகரின் நான்கு மணி நேரத்தை யார் திட்டமிடுகிறார்களோ, அவர்களுக்கே அந்த நேரத்தின் பயன் சேரும். இப்பாடத்தில் நாம் நினைவில் இருத்த வேண்டிய ஒரே உண்மை இதுதான்.

தறி முதலில், விலை பிறகு

யாத்திரிகர் புடவைக் கடையில் கேட்கும் முதற் கேள்வி "ஏன் இவ்வளவு விலை?" என்பது. இதற்கு வாயால் சொல்லும் விடையைவிடக் கண்ணால் காட்டும் விடையே சிறந்தது. கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும் பகுதியிலேயே நெசவாளர் மிகுந்த பிள்ளையார்பாளையம் இருக்கிறது. காலையில் அக்கோயிலைக் கண்டபின், அரைமணி நேரம் ஒரு தறியின் அருகே அமர்ந்து பார்த்தவர், பகலில் காந்தி சாலையில் விலைச் சீட்டைப் பார்க்கும்பொழுது வேறு மனிதராக இருப்பார்.

அவர் காண வேண்டியவை யாவை? முதலாவது, கோர்வை. காஞ்சிபுரத்துப் புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அது எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தவர் சிலரே. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இதனை ஒருவரே செய்வது கடினம். நெசவாளி ஒரு புறமும் துணையாள் மறுபுறமும் இருந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். கணவன் தறியில், மனைவி துணையில் என்று பெரும்பாலான வீடுகளில் இருவர் உழைப்பு ஒரு கூலியாகிறது என்பதையும் யாத்திரிகர் அங்கே அறிந்துகொள்வார்.

இரண்டாவது, பிட்னி. முந்தியின் நிறம் உடலின் நிறத்திலிருந்து மாறும்பொழுது, ஊடையை மட்டும் மாற்றினால் நிறம் கலந்துபோகும். ஆகையால் பாவையே மாற்றுகிறார்கள். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையைப் பிணைத்து, ஆயிரக்கணக்கான இழைகளை இவ்வாறு சேர்த்த பின்னரே முந்தியை நெய்ய முடியும். உடலும் முந்தியும் கூடும் இடத்தில் காணப்படும் மெல்லிய கோடு அந்த உழைப்பின் சுவடாகும். ஒரு முறை அதனைக் கண்டவர் பிறகு எந்தக் கடையிலும் அந்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் புடவையை எடுக்கமாட்டார்.

தறியைக் காட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். நெசவாளியின் வீடு பொருட்காட்சிச் சாலையன்று. அது குடும்பம் வாழும் இடம். ஆகவே மனமுவந்து இசையும் அங்கத்தினர் வீட்டில் மட்டும், குறித்த நேரத்தில், சிறு குழுவாகவே யாத்திரிகர் செல்ல வேண்டும். வேலை நின்ற நேரத்துக்குச் சங்கமே ஒரு தொகையைக் கணக்கிட்டு அங்கத்தினருக்கு வழங்க வேண்டும். யாத்திரிகரிடம் கைநீட்டும் நிலை அங்கத்தினருக்கு ஏற்படலாகாது. அவ்வீட்டில் விற்பனையும் நடத்தலாகாது. சங்கத்துக்கு நெய்யும் புடவையைப் பக்கவாட்டில் விற்பது, நாமே கட்டிய வீட்டின் செங்கலை நாமே பெயர்ப்பதற்கு ஒப்பாகும். வீடுகளில் இது இயலாதெனில், விற்பனை நிலையத்தின் ஒரு மூலையில் ஒரு தறியைப் போட்டு, அங்கத்தினர் முறைவைத்து நெய்யலாம்.

முத்திரைகள் கூறுவனவும் கூறாதனவும்

யாத்திரிகர்கள் இக்காலத்தில் முத்திரையைக் கேட்கின்றனர். நம்மவர்களே அவற்றின் வேறுபாட்டை அறியாதிருப்பதால், பல முத்திரைகளையும் ஒன்றாகக் குழப்பி விடை சொல்லுகின்றனர். இதனைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தோன்றியது பட்டு முத்திரை, அதாவது 'சில்க் மார்க்'. ஹோலோகிராம் உள்ள அந்தச் சீட்டு, துணி தூய பட்டு என்பதற்கு உறுதி. அது கைத்தறியா, விசைத்தறியா என்பதை அச்சீட்டு கூறுவதில்லை. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்கு உறுதி. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு, இவ்வட்டாரத்தின் மரபு முறைப்படி இங்கே நெய்யப்பட்டது என்பதைக் காட்டுவது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆகையால் பட்டு முத்திரையை மட்டும் காட்டிக் "கைத்தறிதான்" என்று எவரேனும் சொன்னால், அது விடையாகாது.

புடவை உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985-இலேயே இயற்றப்பட்டது. எனினும் சட்டம் இருப்பது வேறு. வாங்குகிறவர் தெரிந்து வாங்குவது வேறு. பின்னது இல்லாதவரையில் முன்னது முழுப் பயன் தராது.

சரிகையைப் பற்றி யாத்திரிகருக்குச் சொல்ல வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. அசல் சரிகையின் நடுவே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பியைத் தகடாக்கிச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பர். சரிகையின் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புத் தெரிய வேண்டும். அவ்வாறே, புடவையின் ஓரத்திலிருந்து எடுத்த ஒரு நூலை எரித்தால், தூய பட்டு தலைமயிர் கருகும் வாடை வீசி, கையால் நசுக்கக்கூடிய சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும். இச்சோதனைகளை விற்பனை மேசையிலேயே செய்து காட்டச் சங்கம் தயங்கலாகாது. சரிகைப் பரிசோதனைக் கருவி உள்ள இடங்களில், வாங்குகிறவர் கேட்குமுன் நாமே அதில் வைத்துக் காட்டலாம். அசல் சரிகையும் போலிச் சரிகையும் விலையில் மிக வேறுபடும். போலிச் சரிகைப் புடவையை அவ்வாறே சொல்லி விற்பதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

சிறு பொருளின் பெருமை

யாத்திரிகர் அனைவரும் முகூர்த்தப் புடவை வாங்க வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர், மாணவர், நண்பருக்கு ஒரு நினைவுப் பொருள் வாங்க விரும்புகிறவர், இவர்கள் கையில் ஐந்நூறோ ஆயிரமோதான் இருக்கும். நமது நிலையத்துள் நுழைந்து, ஆயிரக்கணக்கில் விலையுள்ள புடவைகளை மட்டும் கண்டு, கூச்சத்தோடு வெளியேறுகிறார்கள். பின்னர் கோயில் வாசலில் எங்கோ செய்த பொம்மையை வாங்கிச் செல்லுகிறார்கள். அதில் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு ஒரு காசும் இல்லை.

அங்கவஸ்திரம், ரவிக்கைத் துண்டு, கழுத்துத் துணி, பட்டுக் கைப்பை, சிறு பணப்பை, கோர்வைக் கரையோடு விரல் அகலத்தில் நெய்த புத்தக அடையாளத் துணி ஆகிய பொருள்கள் நம்மால் செய்யக்கூடியவை அல்லவா? பாவு முடியும்பொழுது எஞ்சும் பகுதியையும், குறையுள்ளதென்று ஒதுக்கிய துண்டுகளையும் வீணாக்காமல், அங்கத்தினர் வீட்டுப் பெண்களைக் கொண்டு தைக்கச் செய்தால் வீட்டுக்கு வேறொரு வருமானமும் உண்டாகும். மயில்கண், ருத்திராட்சம், கோபுரம், அன்னம் என நமது கரைகளுக்கென்றே பெயர்கள் உண்டு. அச்சிறு பொருளோடு அந்தக் கரையின் பெயரையும், நெய்த சங்கத்தின் பெயரையும் ஒரு சீட்டில் அச்சிட்டு இணைத்துவிட்டால், வாங்கியவர் வீட்டில் அது நமது விளம்பரமாகவே இருக்கும். இன்று பணப்பை வாங்கிய மாணவி நாளை மணப்பெண் ஆவாள் என்பதை மறக்கலாகாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சிறு பொருள் வாசற்படி, புடவையே வீடு. சிறு பொருளின் விற்பனையைக் கண்டு மயங்கிச் சங்கத்தை வேடிக்கைப் பொருள் கடையாக மாற்றிவிடக் கூடாது. கோர்வையும் பிட்னியும் அறிந்த கைகளுக்குக் கோர்வை வேலையும் பிட்னி வேலையும் கொடுப்பதே சங்கத்தின் முதற் கடமை.

கூட்டத்தால் மட்டும் வாணிபம் உண்டாகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் அத்திவரதர் தரிசனம் நடைபெற்றது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அவ்வைபவத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கிட்டனர். பல மணி நேரம் வரிசையில் நின்று களைத்தவருக்குப் புடவை பார்க்கப் பொழுது ஏது? ஓய்வான நான்கு மணி நேரம் உள்ள நூறு பேர், ஓய்வில்லாத பதினாயிரம் பேரைவிட நமக்கு மேலானவர்.

பிறர் செய்தது, நாம் செய்தது

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் நிஷிஜின் என்றொரு பகுதி உண்டு. 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிதறிய பட்டு நெசவாளர்கள், போர் ஓய்ந்தபின் மேற்குப் படையின் பாசறை இருந்த இடத்தில் குடியேறினர். 'மேற்குப் பாசறை' என்பதே நிஷிஜின் என்ற பெயரின் பொருள். கியோட்டோவும் காஞ்சியைப் போலவே கோயில் நகரம். அங்குள்ள நெசவு உற்பத்தியாளர் சங்கம் தனக்கென ஒரு மாளிகை அமைத்து, கையால் நெய்வதை யாத்திரிகர் காணவும், கண்டபின் அங்கேயே கழுத்துப் பட்டை, பணப்பை முதலிய சிறு பொருள்களிலிருந்து உயர்ந்த பட்டுகள் வரை வாங்கவும் வழி செய்தது. தறியும் விற்பனையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் இடையில் தரகருக்கு வேலை இல்லை.

கூட்டுறவின் தாயகமாகிய இங்கிலாந்தில், ராச்டேல் நகரத்தில் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் 28 தொழிலாளர்கள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் கம்பளி நெசவாளரும் இருந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்ற சில பண்டங்களே அன்று அங்கிருந்தன. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை என்ற இரண்டு கொள்கைகளே அவர்களுடைய மூலதனம். அவற்றைக் கொண்டே உலகெங்கும் பரவிய ஓர் இயக்கம் பிறந்தது.

நமது ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது 1904 அக்டோபரில், இதே காஞ்சிபுரத்தில். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒன்றுகூடும் வழியை நாட்டுக்குக் காட்டிய ஊர், இன்று தன் வாசலுக்கு வருகிறவரை வழிநடத்த இயலாது என்று சொல்லலாமா?

சங்கங்கள் மேற்கொள்ளத்தக்கவை

மேலே கூறியவற்றைச் செயலாக்கப் பெருமுதல் தேவையில்லை. பின்வருவனவற்றை நிர்வாகக் குழுவும் பொதுக்குழுவும் ஆலோசிக்கலாம்.

1. கோயில் நடை சாத்தியிருக்கும் 12 மணி முதல் 4 மணி வரை விற்பனை நிலையம் இடைவிடாமல் திறந்திருத்தல். ஊழியர் உணவுக்கு முறைவைத்துச் செல்லுதல்.

2. கைலாசநாதர் கோயில் முதல் வரதராஜப் பெருமாள் கோயில் வரை ஒரு நாளின் வழியையும் நேரத்தையும் காட்டும் ஒற்றைத் தாளைத் தமிழிலும் பிற மொழிகளிலும் அச்சிட்டு, தங்கும் விடுதிகளிலும் உணவு விடுதிகளிலும் வைத்தல். சங்கங்கள் தனித்தனியே அச்சிடாமல் கூடி அச்சிட்டால் செலவு குறையும். ஆட்டோ நிலையங்களுக்கும் அத்தாளை அளித்து, ஓட்டுநரை ஊரின் விருந்தோம்பலில் கூட்டாளியாக்குதல்.

3. ஒவ்வொரு புடவையிலும் விலை, பட்டின் தன்மை, சரிகையின் தன்மை, கோர்வையா அன்றா என்பவற்றை எழுதி இணைத்தல். "இங்கே எவருக்கும் கமிஷன் தரப்படுவதில்லை, எழுதிய விலையே விலை" என்ற பலகையை வாசலில் வைத்தல், வைத்தபின் அதன்படி நடத்தல்.

4. குஞ்சம் முடிய நேரமில்லாத யாத்திரிகரின் புடவையை முடித்து, அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு.

5. எத்துணைச் சிறிய தொகையாயினும் சங்கத்தின் பெயரிட்ட ரசீது. அந்த ரசீதே மறுமுறை அவரை அழைத்து வரும்.

வாங்க வருகிறவரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். கடையைக் கடைசி அரைமணிக்குத் தள்ளாமல் நண்பகலுக்கென ஒதுக்கட்டும், கூட்டிச் செல்ல முன்வருகிறவரிடம் "சங்கத்தின் பெயர் என்ன?" என்று கேட்கட்டும், நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும். உறவினரோ நண்பரோ வெளியூரிலிருந்து வரும்பொழுது, இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவது அங்கத்தினர் ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய காரியம்.

மைசூர்க் குடும்பம் அன்று எங்கே சென்றது, என்ன வாங்கியது என்பதை நாம் அறியோம். திண்ணையில் இருந்த முதியவரின் மடியில் அரக்குச் சிவப்பில் பச்சைக் கரையிட்ட ஒரு கோர்வைப் புடவை இருந்தது. மணப்பெண்ணுக்கும் அதற்கும் இடையே இருந்த தூரம் பாதி சாத்திய ஒரு கதவுதான். அக்கதவைத் திறந்து வைப்பது நமது கையில் இருக்கிறது.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நமது சங்க விற்பனை நிலையம் எந்த நேரத்தில் திறந்து எந்த நேரத்தில் மூடப்படுகிறது? கோயில்களின் நேரத்தோடு அது பொருந்துகிறதா?

2. ரசீதுகளை நேரவாரியாகப் பிரித்தால், எந்த மணியில் விற்பனை மிகுதி? எந்த மணியில் குறைவு? காரணம் யாது?

3. பட்டு முத்திரை, கைத்தறி முத்திரை, புவிசார் குறியீடு ஆகியவற்றின் வேறுபாட்டை, ஒரு யாத்திரிகருக்குச் சொல்வது போல, அங்கத்தினர் ஒருவர் எழுந்து விளக்குக.

4. தறியைக் காண வருவோரைத் தம் வீட்டில் அனுமதிக்க இசைவோர் யார்? அதற்கு என்ன நிபந்தனைகள் வேண்டும்? வீட்டுப் பெண்களின் கருத்து என்ன?

5. நமது சங்கம் ஆயிரம் ரூபாய்க்குள் விற்கக்கூடிய மூன்று பொருள்களைக் கூறுக. அவற்றுக்கு வேண்டிய துணி எங்கிருந்து கிடைக்கும்?